சாடோ மாகாணம்: ஒரு தீவின் வரலாறு, கேள்வி பதிலாக

ஜப்பான் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினால் எச்சிகோ, சத்சுமா, தோசா என்று இன்றைய வரைபடத்தில் இல்லாத பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் பழைய மாகாணங்கள். அவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது சாடோ. பேரரசர், துறவி, நாடகக் கலைஞர், வீடற்ற ஏழை என்று நாட்டை ஆண்டவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய பலரும் இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே தீவிலிருந்து தங்கம் மட்டும் ஆண்டவர்களிடம் போய்ச் சேர்ந்தது. இந்த வரவையும் போக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். சாடோவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மற்றவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சாடோ எங்கே இருக்கிறது?

ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷுவுக்கு மேற்கே, ஜப்பான் கடலில் இருக்கிறது. நீகாத்தா துறைமுகத்திலிருந்து பெரிய படகில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். பரப்பு ஏறத்தாழ 855 சதுர கிலோமீட்டர். வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே ஒரு மலைத்தொடர், நடுவில் குனினாகா என்ற நெல் விளையும் சமவெளி. வடக்கு மலைத்தொடரில் உள்ள கின்போக்கு சிகரத்தின் உயரம் 1,172 மீட்டர். இந்த நடுச் சமவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோற்றுக்கு வழியுள்ள தீவாக இருந்ததால்தான் சாடோவால் தனி மாகாணமாக நிற்க முடிந்தது.

பழைய மாகாணம் என்றால் இன்றைய மாநிலம் மாதிரியா?

கொஞ்சம் வேறு. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளில் சீன நிர்வாக முறையைப் பின்பற்றி ஜப்பான் அரசு நாட்டைக் 'குனி' எனப்பட்ட மாகாணங்களாகப் பிரித்தது. பின்னாளில் 66 மாகாணங்கள், அவற்றோடு இக்கி, த்சுஷிமா என்ற 2 தீவுகள் என்று கணக்குச் சொல்வது வழக்கமானது. அந்த 66க்குள் சாடோவும் ஒன்று. ஒவ்வொரு மாகாணத்துக்கும் தலைநகரிலிருந்து ஓர் ஆளுநர் வருவார், வரி வசூலிப்பார், கணக்கு அனுப்புவார். காலப்போக்கில் உண்மையான அதிகாரம் போர்வீரர் குடும்பங்களின் கைக்குப் போனது. ஆனால் மாகாணப் பெயர்கள் மட்டும் ஊர் அடையாளமாக 19ஆம் நூற்றாண்டு வரை நிலைத்தன. இன்றைய 47 நிர்வாகப் பிரிவுகள் 1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சியில் வந்தவை.

சாடோ எப்போது மாகாணமானது?

ஆண்டு குறித்து ஒரே பதில் கிடையாது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மாகாணமாக இருந்தது உறுதி. 721இல் சவாத்தா என்ற ஒரே வட்டத்திலிருந்து ஹாமோச்சி, காமோ என்ற இரண்டைப் பிரித்தார்கள். மூன்று வட்டங்கள் என்ற அந்த அமைப்பு 1896 வரை அப்படியே இருந்தது. 743இல் எதிர்க்கரையில் உள்ள எச்சிகோ மாகாணத்தோடு தீவை இணைத்துவிட்டார்கள், 752இல் மறுபடியும் தனி மாகாணமாக்கினார்கள்.

புராணக் கதையில் இதைவிடப் பழைய இடம் உண்டு. 712இல் தொகுக்கப்பட்ட கொஜிக்கி நூலின்படி, இசனாகி, இசனாமி என்ற தெய்வத் தம்பதி பெற்ற எட்டுத் தீவுகளில் ஏழாவது சாடோ. கடலோடிகளுக்கு எவ்வளவு முன்பே இந்தத் தீவு தெரிந்திருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

நாடுகடத்துவதற்கு ஏன் சாடோ?

பழைய ஜப்பானியச் சட்டத்தில் நாடுகடத்தல் தண்டனை அருகே, நடுத் தொலைவு, வெகு தொலைவு என்று மூன்று வகை. 724இல் வெகு தொலைவுக்கு உரிய இடங்களாக இசு, ஆவா, ஹித்தாச்சி, சாடோ, ஒக்கி, தோசா என்ற ஆறு இடங்கள் குறிக்கப்பட்டன. கியோட்டோவிலிருந்து சாடோவுக்குப் போக மலை கடந்து, பனி கடந்து, கடைசியில் கடலையும் கடக்க வேண்டும். குளிர்காலத்தில் ஜப்பான் கடலின் அலை சாதாரணமானது இல்லை. தப்பிப்பது அரிது, மற்றவர்கள் வந்து மீட்பது அதைவிட அரிது. கொலை செய்யத் தயங்கும் அளவுக்குப் பெரிய மனிதர்களை அரசியலிலிருந்து அகற்ற இப்படிப்பட்ட இடம் தேவைப்பட்டது.

அப்படி வந்தவர்களில் முக்கியமானவர்கள் யார்?

முதலில் பேரரசர் ஜுந்தோக்கு. 1221இல் அவருடைய தந்தை கோ-தோபா, காமகுராவில் இருந்த போர்வீரர் அரசைக் கவிழ்க்கப் படை திரட்டினார். ஜோக்கியூ போர் என்று பெயர். தோற்றார்கள். தந்தை ஒக்கித் தீவுக்கும் மகன் சாடோவுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஜுந்தோக்குவுக்கு அப்போது 23 வயது. 1242இல் இறக்கும் வரை 21 ஆண்டுகள் இங்கேயே இருந்தார். தந்தை ஒக்கியில் இறந்த செய்தியும் இங்கே இருக்கும்போதுதான் வந்தது. கவிதை இலக்கணம் குறித்து அவர் தொகுத்த நூல் ஜப்பானிய இலக்கிய வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. அவரை எரியூட்டிய இடத்தை மானோ பகுதியில் கல்லறைத் தோட்டமாகப் பராமரிக்கிறார்கள்.

அடுத்தவர் நிச்சிரென் துறவி. தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூல் ஒன்றே வழி என்று போதித்து, மற்ற பௌத்தப் பிரிவுகளையும் ஆட்சியாளர்களையும் வெளிப்படையாகக் கண்டித்தவர். 1271இல் கைதாகி, குளிர்காலத் தொடக்கத்தில் சாடோவுக்கு வந்தார். பிணங்களைப் போடும் இடத்தருகே ஒரு சிதைந்த குடிசை கொடுத்தார்கள். கூரை வழியாகப் பனி உள்ளே விழும் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த நிலையில்தான் 1272இலும் 1273இலும் தன் முக்கியமான இரண்டு நூல்களை எழுதி முடித்தார். 1274இல் மன்னிப்புக் கிடைத்துத் திரும்பினார்.

இந்த இடத்தில் ஒரு தம்பதியைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. அபுத்சுபோ, செந்நிச்சி என்ற வயதான கணவன் மனைவி. காவலையும் மீறி, இரவில் மரப்பெட்டியில் சோறு வைத்துக் கணவர் தோளில் ஏற்றி அனுப்புவாராம் அந்த அம்மாள். நிச்சிரென் பல ஆண்டுகள் கழித்தும் அதை மறக்காமல் அவருக்குக் கடிதம் எழுதினார். நிச்சிரென் தீவை விட்டுத் திரும்பிய பிறகும் அபுத்சுபோ அந்தத் தள்ளாத வயதில் கடல் கடந்து போய்ப் பார்த்து வந்தார். தலைநகர் தூக்கி எறிந்த ஒருவருக்குத் தீவுக்காரர்கள் சோறு போட்டார்கள். சாடோவின் வரலாற்றில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

மூன்றாமவர் செயாமி. 'நோ' என்ற ஜப்பானிய முகமூடி நாடகத்துக்கு இலக்கணமும் உயிரும் கொடுத்தவர். 1434இல், எழுபது வயதைத் தாண்டியபின், அன்றைய ஷோகுன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், அஷிகாகா யோஷினோரி அவரை இங்கே அனுப்பினார். காரணம் எங்கும் தெளிவாகப் பதிவாகவில்லை. ஷோகுனின் ஆதரவு செயாமியின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளையான ஒன்னாமி பக்கம் சாய்ந்திருந்தது மட்டும் தெரியும். 1436இல் சாடோவில் இருந்தபடி செயாமி சிறு பாடல்களின் தொகுப்பு ஒன்றை எழுதினார். அதன் தலைப்பு 'பொன் தீவின் ஏடு' என்று பொருள்படும். பெரிய தங்கச் சுரங்கம் கிடைத்தது அதற்கு 165 ஆண்டுகள் கழித்துத்தான்!

இவர்கள் தவிர, கவிஞர் கியோகோக்கு தாமெகானே 1298இல் வந்து 1303இல் திரும்பினார். கோ-தாய்கோ பேரரசரின் சதித் திட்டத்தில் பங்கெடுத்த ஹினோ சுகெத்தோமோ 1325இல் வந்தார், 1332இல் இங்கேயே கொல்லப்பட்டார்.

அப்படியானால் சாடோவுக்கு 'நோ' நாடகத்தைக் கொண்டுவந்தவர் செயாமியா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கேட்க இனிமையாக இருந்தாலும் வரலாறு வேறு வழியில் போகிறது. தீவில் இந்தக் கலை வேரூன்றியது 17ஆம் நூற்றாண்டில். சுரங்கத்தை நிர்வகிக்க நியமிக்கப்பட்ட ஓக்குபோ நாகயாசு நாடகக் கலைஞர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வரும்போது நடிகர்களையும் இசைக் கலைஞர்களையும் கூடவே அழைத்து வந்தார். முதலில் அதிகாரிகளின் கலை, பிறகு கோவில் திருவிழாக் கலை, அதற்கும் பிறகு உழவர்களே முகமூடி அணிந்து ஆடிய கலை என்று அது பரவியது. ஒரு காலத்தில் தீவில் சுமார் 200 'நோ' மேடைகள் இருந்ததாகச் சொல்கிறார்கள். இன்றும் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் ஊர்க் கோவில் வளாகத்தில், ஓலைக்கூரை வேய்ந்த எளிய மேடைகள்.

சாமுராய்க் காலத்தில் யார் ஆண்டார்கள்?

13ஆம் நூற்றாண்டிலிருந்து ஹோன்மா குடும்பம். காமகுரா அரசின் ஹோஜோ குலத்துக்குப் பதிலாளாக வந்து, பல கிளைகளாகப் பிரிந்து, தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டே சுமார் 350 ஆண்டுகள் தீவைப் பிடித்து வைத்திருந்தார்கள். 1589இல் எச்சிகோவின் உவேசுகி காகெகாத்சு படையெடுத்து வந்து அவர்களை ஒழித்தார். 1600 செக்கிகஹாரா போரில் வென்று நாட்டைத் தன் கைக்குள் கொண்டுவந்த தோக்குகாவா இயேயாசு தீவைத் தன் நேரடி ஆட்சியில் எடுத்துக்கொண்டார். வேறு எந்தப் பிரபுவுக்கும் கொடுக்கவில்லை. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

தங்கம் எப்போது கிடைத்தது?

நிஷிமிகாவா ஆற்றில் பொன்மணல் கிடைப்பது பழங்காலத்திலேயே தெரியும். 1542இல் த்சுருஷியில் வெள்ளி கிடைத்தது. 1601இல் ஐக்காவா மலையில் தங்கமும் வெள்ளியும் கலந்த பெரிய தாதுப்படுகை தென்பட்டது. அங்கிருந்து எல்லாமே மாறியது.

ஐக்காவா ஒரு சின்னக் கடலோரக் கிராமம். 1603இல் ஆளுநர் மாளிகை எழுந்தது. மலை முகட்டில் நீளமாக ஒரு தெரு, அதன் இருபக்கமும் அரிசிக்காரர் தெரு, மிசோக்காரர் தெரு, காய்கறிக்காரர் தெரு என்று தொழில்வாரியாக ஊர் வளர்ந்தது. உச்சத்தில் 50 ஆயிரம் பேர் வாழ்ந்ததாகச் சொல்வார்கள். இன்று தீவு முழுவதுக்குமே மக்கள்தொகை அவ்வளவுதான். 'தாய்க்கு மாச்சி' என்று ஒரு தெருப்பெயர் உண்டு. தாய்க்கு என்றால் மற்ற ஊரில் தச்சர். சாடோவில் பாறையைக் குடைபவருக்கும் அதே பெயர். எனவே அது தச்சர் தெரு என்று நினைத்துவிடாதீர்கள், சுரங்கத் தொழிலாளர் தெரு.

17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்டுக்கு 400 கிலோவுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். 1621 முதல் நாணயத்தையே தீவில் அடித்தார்கள். ஓகி துறைமுகத்தில் கப்பலேற்றி, எதிர்க்கரையில் இசுமோசாக்கியில் இறக்கி, அங்கிருந்து குதிரைகளில் காவலோடு எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, கொண்டுபோவார்கள். சுரங்கம் மூடிய 1989 வரையான மொத்தக் கணக்கு: தங்கம் 78 டன், வெள்ளி 2,330 டன். சுரங்கப்பாதைகளின் மொத்த நீளம் சுமார் 400 கிலோமீட்டர்.

நிர்வாகி ஓக்குபோ நாகயாசுவின் முடிவையும் கேளுங்கள். 1613இல் அவர் இறந்ததும் பொன்னைச் சுருட்டினார் என்று குற்றம் சாட்டி, அவருடைய ஏழு மகன்களுக்கும் மரண தண்டனை கொடுத்தார்கள்.

இயந்திரம் இல்லாமல் எப்படி எடுத்தார்கள்?

உளியும் சுத்தியலும்தான். ஐக்காவாவில் 'தோயூ நோ வாரிதோ' என்ற மலையைப் பார்த்தால் அதன் அளவு புரியும். உச்சியிலிருந்து தாதுக் கோட்டைப் பின்தொடர்ந்து தோண்டிக்கொண்டே போனதால் மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. பிளவின் அகலம் 30 மீட்டர், ஆழம் 74 மீட்டர். வெட்டிய தாதுவை உடைத்து, கல் திருகையில் அரைத்து, நீரில் அலசி, ஈயத்தோடு உருக்கிப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்தார்கள். பிறகு உப்புச் சேர்த்துச் சுட்டு இரண்டையும் பிரித்தார்கள். பழைய திருகைக் கற்களை ஐக்காவாவின் மதில்களில் இன்றும் பார்க்கலாம்.

நிஷிமிகாவாவில் முறையே வேறு. பொன் கலந்த மலைச்சரிவை வெட்டிச் சரித்து, கால்வாய்களில் தேக்கிய நீரை ஒரே மூச்சில் திறந்துவிட்டு மண்ணை அடித்துக்கொண்டு போகச் செய்வார்கள். கனமான பொன் கீழே தங்கிவிடும். 1872 வரை இது நடந்தது.

இந்த வேலைகளையெல்லாம் வரைந்த நீளமான ஓவியச் சுருள்கள் நூற்றுக்கு மேல் தப்பியிருக்கின்றன. தொழிலாளியின் முதுகு வளைவு வரைக்கும் அவற்றில் இருக்கிறது. 'யவராகி' என்று ஒரு சடங்குப் பாட்டும் உண்டு. மலைத் தெய்வத்தின் மனமும் பாறையும் இளகட்டும் என்று வேண்டிப் பாடுவது. தூசியும் விளக்குப் புகையும் நுரையீரலை அரித்து இளவயதிலேயே செத்துப்போனவர்கள் பாடிய பாட்டு அது.

நீர் இறைக்க எடோவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது உண்மையா?

உண்மை. சுரங்கம் ஆழமாகப் போகப் போக ஊற்றுநீர் பெரிய தொல்லையானது. திருகுவடிவ நீரேற்றிகளை 17ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தினார்கள். ஆளுநர் ஒகிவாரா ஷிகெஹிதே 1691இல் தொடங்கிய மினாமிசாவா வடிகால் சுரங்கம் 1696இல் முடிந்தது. நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நேரத்தை மிச்சப்படுத்தப் பல இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் குடைந்து நடுவில் சந்தித்தார்கள். அந்த வழியாக இன்றும் நீர் வழிந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அடியாழத்தில் மனிதன்தான் வாளியால் இறைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. 1778 முதல் எடோ, ஒசாக்கா, நாகசாக்கி நகரங்களில் பிடிபட்ட 'முஷுகு' மக்களை இங்கே அனுப்பத் தொடங்கினார்கள். முஷுகு என்றால் ஊர்ப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர். பஞ்சத்தில் நிலத்தை விட்டு ஓடி வந்த உழவன், குடும்பம் கைவிட்ட இளைஞன், இப்படிப்பட்டவர்கள். பலர் குற்றமே செய்யாதவர்கள். நகரத்தில் அவர்கள் சும்மா திரிவது ஆபத்து என்று ஆட்சியாளர்கள் நினைத்தார்கள், அவ்வளவுதான். மூங்கில் கூண்டில் அடைத்து மலைவழியே தூக்கி வந்தார்கள். எடோவிலிருந்து ஆண்ட தோக்குகாவா குடும்பத்தின் ஆட்சி (எடோ காலம்) 1868இல் முடியும்வரை இப்படிச் சுமார் 1,800 பேர் வந்திருக்கிறார்கள். பேரரசரின் பெயரைப் படிக்கும் அதே கவனத்தோடு இந்த 1,800 பேரையும் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தீவின் உழவர்களுக்குத் தங்கத்தால் நன்மை கிடைத்ததா?

ஓரளவு. ஆயிரக்கணக்கான வாய்களுக்குச் சோறு வேண்டும் என்பதால் அரிசிக்கு நல்ல விலை கிடைத்தது. மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி வயலாக்கினார்கள். அந்தப் படிவயல்கள் பலவற்றில் இன்றும் நெல் விளைகிறது. சுரங்கம் தளர்ந்தபோது சுமை உழவர் தலையில் விழுந்தது. வரியும் வணிகர் பிடியும் தாங்காமல் 1838இல் தீவு முழுவதும் கிளர்ந்தெழுந்தது. முன்னின்றவர்கள் கடுமையாகத் தண்டிக்கப்பட்டார்கள்.

கடல் வணிகத்தில் சாடோவுக்குப் பங்கு உண்டா?

நிறைய. 1672இல் கவாமுரா சுய்கென் என்ற வணிகர், வட ஜப்பானின் அரிசியை மேற்குக் கடற்கரை வழியாக ஒசாக்காவுக்கும் எடோவுக்கும் கொண்டுசெல்லும் கப்பல் வழியை ஒழுங்குபடுத்தினார். அதில் சாடோவின் ஓகி ஒரு நிறுத்தம். (பேரரசர் போன ஒக்கித் தீவு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பக்கத்திலேயே ஷுகுனேகி என்ற கப்பல்காரர் கிராமம் இருக்கிறது. ஒரு சிறு பள்ளத்தாக்கில் நூறு வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். கப்பல் கட்டும் தச்சர்களே எழுப்பிய வீடுகள், வெளிச்சுவரெல்லாம் மரப்பலகை. சந்தின் வளைவுக்கு ஏற்ப முக்கோணமாகவே கட்டிய வீடும் உண்டு.

கப்பலோடு பாட்டும் வந்தது. இன்று ஜப்பான் முழுக்கத் தெரிந்த 'சாடோ ஒகெசா' என்ற நாட்டுப்பாடலின் வேர் தெற்கே கியூஷுவின் மாலுமிப் பாட்டு. 1802இல் ஓகி அருகே நிலநடுக்கம் வந்து கடற்கரை மேலே எழும்பியது. பாறை இடுக்குகள் நிறைந்த அந்தக் கரையில் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கத் தோதாக, துவைக்கும் தொட்டி வடிவத்தில் வட்டப் படகுகள் பிறகு உருவாயின.

மாகாணம் எப்போது முடிவுக்கு வந்தது?

1868 மெய்ஜி மாற்றத்துக்குப் பின் சில ஆண்டுகள் ஒரே குழப்பம். சாடோ மாநிலம் என்றார்கள், 1871இல் ஐக்காவா மாநிலம் என்றார்கள், 1876இல் நீகாத்தாவோடு சேர்த்தார்கள். 1896இல் மூன்று பழைய வட்டங்களும் ஒன்றாயின. 2004இல் தீவின் பத்து உள்ளாட்சிகளும் இணைந்து சாடோ நகராட்சி ஆனது. ஆக, பழைய மாகாணத்தின் எல்லையும் இன்றைய நகராட்சியின் எல்லையும் ஒன்றே.

உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது ஏன் சர்ச்சை?

மெய்ஜி அரசு சுரங்கத்தை நவீனமாக்கி, 1896இல் மிட்சுபிஷிக்கு விற்றது. 1940இல் ஒரே ஆண்டில் சுமார் 1,500 கிலோ தங்கம் எடுத்தார்கள், எடோ காலத்தின் உச்சத்தைப் போலப் பல மடங்கு. அதே போர்க்காலத்தில், ஜப்பானின் பிடியில் இருந்த கொரியாவிலிருந்து சுமார் 1,500 தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். ஜப்பான் தன் விண்ணப்பத்தை எடோ காலத்தோடு நிறுத்திக்கொண்டபோது, இவர்களை மறைக்கவே அப்படிச் செய்கிறார்கள் என்று தென்கொரியா எதிர்த்தது.

2024 ஜூலையில் புது தில்லியில் நடந்த உலக மரபுரிமைக் குழுக் கூட்டத்தில் உடன்பாடு ஏற்பட்டு, சுரங்கம் பட்டியலில் சேர்ந்தது. கொரியத் தொழிலாளர்கள் பற்றிய கண்காட்சி ஐக்காவாவில் திறக்கப்பட்டது. ஆனால் அந்த நவம்பரில் நடந்த முதல் நினைவு நிகழ்ச்சியைத் தென்கொரியா புறக்கணித்து, மறுநாள் தனியாக அஞ்சலி செலுத்தியது. என் கருத்தைக் கேட்டால், சாடோவின் கதையை 1868இல் நிறுத்த முடியாது. வேண்டாதவர்களையும் வலுவற்றவர்களையும் அனுப்பும் தீவாக அது 724 முதலே இருந்திருக்கிறது. கொரியர்களையும் அந்த நீண்ட வரிசையில் வைத்தே சொல்ல வேண்டும்.

தோக்கி பறவைக்கும் சாடோவுக்கும் என்ன தொடர்பு?

இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட அந்த அரிவாள் மூக்கன் ஜப்பானில் கடைசியாக எஞ்சியது இந்தத் தீவில்தான். 1981இல் மிஞ்சிய ஐந்தையும் பிடித்துக் காப்பகத்தில் வைத்தார்கள். ஜப்பானில் பிறந்த கடைசிப் பறவை 2003இல் இறந்தது. 1999இல் சீனா கொடுத்த ஜோடியின் வழிவந்தவற்றை 2008இல் வானில் விட்டார்கள். இப்போது நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. உழவர்கள் பூச்சிமருந்தைக் குறைத்து வயலில் மீனும் தவளையும் பெருகச் செய்ததால் நடந்த காரியம் இது.

போனால் எதைப் பார்க்க வேண்டும்?

கோடையில் போனால் ஏதாவது ஒரு கோவிலில் தீப்பந்த ஒளியில் நடக்கும் 'நோ' நாடகத்தைப் பாருங்கள். மானோவில் ஜுந்தோக்குவின் கல்லறை, நிச்சிரென் இருந்த இடத்தில் எழுந்த கொன்போன்ஜி கோவில், ஷுகுனேகியின் சந்துகள் எல்லாம் ஒரே நாளில் முடியாது, இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஐக்காவாவில் பிளந்த மலையைப் பார்த்த பிறகு, பழைய சுரங்கத் தெரு வழியாகக் கொஞ்சம் நடந்தால் முஷுகு மக்களின் கல்லறை வரும். சுரங்கத் தீ விபத்தில் இறந்த 28 பேருக்காக 1853இல் எழுப்பியது. கல்லில் ஒவ்வொருவரின் பெயர், வயது, சொந்த ஊர் எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். கூட வேலை செய்த நீரிறைப்பாளர்கள் செய்து வைத்த கல் அது. ஊர் மக்கள் ஆண்டுதோறும் அங்கே வழிபாடு நடத்துகிறார்கள்.